ரிசீவரோடு பவர் ஆம்ப் சேர்க்கும்போது தனி ப்ரீ ஆம்பும் வாங்க வேண்டுமா?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது என்று தெரியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு திருச்சியில். ஹால் 20 அடிக்கு 14 அடி, சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சுமார் 11 அடி. நாலு வருடமாக ஒரு 7.2 ஹோம் தியேட்டர் ரிசீவர் (ஏழு ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபர் மாட்டலாம்) வைத்திருக்கிறேன். சேனலுக்கு 80 வாட், 8 ஓம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, பின்னால் எல்லாச் சேனலுக்கும் ப்ரீ அவுட் (வெளி ஆம்புக்கு சிக்னல் எடுக்கும் சொருகு) உண்டு. இதுவரை சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள்தான் இருந்தன. போன தீபாவளிக்கு முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் வாங்கினேன். 4 ஓம், சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 86 டெசிபெல். அளவான சத்தத்தில் அவ்வளவு அழகு, மிருதங்கத்தின் தொப்பியில் கை விழுந்து தேய்வது வரை கேட்கிறது. ஆனால் வால்யூமை ஏற்றினால் ஒரு கட்டத்துக்கு மேல் ஏதோ இறுகிப்போகிறது, ரிசீவரின் மேல்பக்கம் கை வைக்க முடியாத சூடு. போன மாதம் ஒரு படத்தின் சண்டைக் காட்சியில் டக்கென்று அணைந்து ‘ப்ரொடெக்ட்’ என்று காட்டியது, அதுவும் ஒரே இரவில் இரண்டு தடவை.

கடையில் கேட்டால் ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப் இரண்டும் சேர்த்து வாங்குங்கள், அப்போதுதான் முழுப் பலன் என்கிறார்கள். ப்ரீ ஆம்ப் மட்டுமே 70,000 ரூபாய். நண்பர் ஒருவர் பவர் ஆம்ப் மட்டும் போதும் என்கிறார். எங்கள் தெருவில் ஆம்ப்ளிஃபையர் செய்து தரும் அண்ணன் 5200, 1943 டிரான்சிஸ்டர் போட்டு 200 வாட்டுக்கு ஒன்று அடித்துத் தருகிறேன், செலவு அதில் கால் பங்குகூட ஆகாது என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அப்பாவின் பழைய ரெக்கார்டு பிளேயரைச் சரிசெய்து வைத்திருக்கிறோம். அதை ரிசீவரில் சொருகினால் கொசு பாடுவது போல மெலிசாகக் கேட்கிறது, அடித்தொனியே இல்லை. அதற்கும் ப்ரீ ஆம்ப் வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் கடைக்காரர் சொல்லும் அந்த ஒரே ப்ரீ ஆம்ப் இரண்டு வேலையையும் செய்துவிடுமா?

ஈரோட்டுக்காது:

உங்கள் குழப்பம் முழுக்க ‘ப்ரீ ஆம்ப்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாதனங்கள் இருப்பதால் வந்தது, அதை முதலில் பிரித்துவிடலாம்.

ஒன்று, லைன் ப்ரீ ஆம்ப். டிவி, சிடி, போன் என்று வருவதில் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பது, வால்யூமைக் கூட்டிக் குறைப்பது, தேவைப்பட்டால் பேஸ் ட்ரெபிள் மாற்றுவது, கடைசியில் பவர் ஆம்புக்கு வேண்டிய 1, 2 வோல்ட் அளவுக்கு சிக்னலை அனுப்புவது. இதையெல்லாம் உங்கள் ரிசீவர் ஏற்கெனவே செய்கிறது. ரிசீவர் என்பதே ஒரே பெட்டிக்குள் ப்ரீ ஆம்பும் பவர் ஆம்பும் சேர்ந்திருப்பதுதான், ப்ரீ அவுட் என்பது இரண்டுக்கும் நடுவில் திறந்துவிட்ட கதவு. அந்தக் கதவிலிருந்து பவர் ஆம்புக்கு ஆர்சிஏ கேபிள் போட்டால் வேலை முடிந்தது. நடுவில் இன்னொரு ப்ரீ ஆம்ப் போட்டால் வால்யூம் திருகு இரண்டாகும், வீட்டில் யாராவது இரண்டாவதைத் திருகிவிட்டால் முன் ஸ்பீக்கரும் பின் ஸ்பீக்கரும் அளவு தவறிப்போகும். கூடவே கொஞ்சம் இரைச்சலும் சேரும். உங்கள் ஏற்பாட்டுக்கு அந்த 70,000 தேவையே இல்லை.

ரிசீவரே இல்லாமல் இரண்டு ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் கேட்பவருக்கு லைன் ப்ரீ ஆம்ப் வேண்டும். அல்லது பாட்டுக்கு ரிசீவரைத் தாண்டிப் போக வேண்டும், படத்துக்கு மட்டும் ரிசீவர் வர வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு ‘ஹோம் தியேட்டர் பைபாஸ்’ உள்ள ப்ரீ ஆம்போ இன்டகிரேட்டட் ஆம்போ பயன்படும். பைபாஸில் அதன் வால்யூம் திருகு விலகிக்கொள்ளும், ரிசீவரின் வால்யூம்தான் வேலை செய்யும்.

இரண்டாவது, ஃபோனோ ப்ரீ ஆம்ப். அப்பாவின் பிளேயருக்கு வேண்டியது இது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் வழக்கமான வகையான மூவிங் மேக்னட் கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட், சிடி பிளேயர் கொடுப்பது 2 வோல்ட், அதாவது 400 மடங்கு வித்தியாசம். அதனால்தான் கொசுச் சத்தம். அடித்தொனி இல்லாததற்குக் காரணம் வேறு. ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், இல்லையென்றால் பேஸ் வரும் இடத்தில் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் அவ்வளவு நிமிடம் அடங்காது, ஊசியும் துள்ளும். கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். அந்த அளவுக்கு 1954 முதல் ஆர்ஐஏஏ என்று ஒரு பொது வரையறை இருக்கிறது, அதைச் செய்வது ஃபோனோ ப்ரீ ஆம்ப்தான். ரிசீவரின் பின்னால் ‘ஃபோனோ’ என்று ஒரு சொருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் செலவே இல்லை. இல்லையென்றால் சில ஆயிரத்தில் சின்ன டப்பாவாகக் கிடைக்கிறது, அதை வாங்கி சாதாரண ஆடியோ இன்புட்டில் போடலாம். கடைக்காரர் சொன்ன 70,000 ரூபாய் ப்ரீ ஆம்பில் ஃபோனோ இல்லாமலே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

சரி, பவர் ஆம்புக்கு வருவோம். வாங்கும் முன் உங்களுக்கு எவ்வளவு தேவை என்று அளந்து பாருங்கள், 500 ரூபாய் மல்டிமீட்டர் போதும். 200 ஹெர்ட்ஸ் டோன், மைனஸ் 12 டெசிபெல் அளவில் பதிந்தது, நெட்டில் கிடைக்கும், அல்லது போனில் உள்ள டோன் ஆப்பில் உருவாக்கலாம். முதலில் உங்களுக்குப் பிடித்த படத்தையோ பாட்டையோ நீங்கள் வைக்கும் அதிகபட்ச சத்தத்தில் போட்டு, வால்யூம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வால்யூமுக்கு ஏற்ப பேஸைத் தானே மாற்றும் டைனமிக் ஈக்யூ மாதிரி எதுவும் ஓடாமல் இருக்கட்டும். அப்புறம் ரிசீவரை அணைத்து, ஒரு டவர் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி, மீட்டரின் முனைகளை ரிசீவரின் ஸ்பீக்கர் திருகுகளில் முதலைக் கிளிப்பால் பிடித்து, ஒன்றையொன்று தொடவில்லை என்று பார்த்துவிட்டு ஆன் செய்து, அதே வால்யூமில் டோனை ஓடவிட்டு ஏசி வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள். வால்வ் ஆம்பில் ஸ்பீக்கரைக் கழற்றி ஓடவிடக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். உங்களுடையது டிரான்சிஸ்டர் என்பதால் பயமில்லை. 200 ஹெர்ட்ஸ் சொல்வதற்குக் காரணம், மலிவு மீட்டர்கள் பலவும் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாகக் காட்டாது.

வந்த எண்ணை 4 ஆல் பெருக்குங்கள். 12 டெசிபெல் என்பது வோல்டேஜில் 4 மடங்கு, ஆகவே அந்த வால்யூமில் பதிவின் உச்சத்துக்கு ஆம்ப் கொடுக்க வேண்டிய வோல்ட் அதுதான். எண்ணோடு வாருங்கள், மீதியைப் பேசுவோம்.

இன்னொரு கேள்வி, ரிசீவர் எங்கே உட்கார்ந்திருக்கிறது? மேலே எவ்வளவு இடைவெளி? மெனுவில் டவர் ஸ்பீக்கர் ‘லார்ஜ்’ என்று இருக்கிறதா, ‘ஸ்மால்’ என்று இருக்கிறதா?

மரப்பெட்டி:

தெருவில் செய்து தரும் ஆம்ப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், 20 வருடமாக வீட்டில் அதுதான் ஓடுகிறது. கேவலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல கை என்றால் நல்ல ஆம்ப்தான். கனமான டிரான்ஸ்பார்மர், பெரிய ஹீட் சிங்க், ஒழுங்கான எர்த்திங், இந்த மூன்றும் இருந்தால் கடைச் சரக்குக்குக் குறைவில்லை.

ஆனால் நான் ஒரு ஜோடி வூஃபரை இழந்திருக்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி ஒருவரிடம் கொடுத்து அடித்தது, ஒரு வருடம் அருமையாக ஓடியது. ஒரு நாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ‘தொப்’ என்று ஒரு சத்தம், இடது வூஃபரின் கோன் முன்னால் தள்ளிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது. ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, உள்ளே இருந்த 49 வோல்ட் டிசி முழுவதும் ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. 35-0-35 டிரான்ஸ்பார்மர் என்றால் ரெக்டிஃபை செய்தபின் அவ்வளவு வரும். நடுவில் ரிலே, அதாவது கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் தானே துண்டிக்கும் சுவிட்ச், கிடையாது. மாற்று ஜோடி தேடியபோது, அந்த வூஃபர் தயாரிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.

ஆகவே அண்ணனிடம் செய்வதாக இருந்தால் ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டு கட்டாயம் கேளுங்கள். யுபிசி 1237 ஐசி போட்ட ரிலே போர்டு சில நூறு ரூபாய்தான், டிசி வந்தால் ஸ்பீக்கரை வெட்டிவிடும், ஆன் செய்யும்போது வரும் ‘டப்’பையும் தடுக்கும். 5200, 1943 இரண்டிலும் போலி நிறையப் புழங்குகிறது, எங்கே வாங்கினார் என்று கேட்பதில் தவறில்லை. 4 ஓம் ஸ்பீக்கர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சேனலுக்கு ஒரு ஜோடி டிரான்சிஸ்டர் போதாது, இரண்டாவது போட வேண்டும். கையில் வாங்கியதும் ஸ்பீக்கர் மாட்டாமல், இன்புட் எதுவும் கொடுக்காமல், அவுட்புட்டில் டிசி மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். 50க்குள் இருந்தால் நிம்மதி, 100ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள்.

அந்த டவர் ஸ்பீக்கரின் விலை என்ன என்று நினைத்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் ஸ்பீக்கராக இருந்தால் ப்ரொடெக்‌ஷன் இல்லாத ஆம்பில் ஒரு நாள்கூட மாட்ட மாட்டேன்.

காவிரிக்கரை:

இருவருக்கும் ரொம்ப நன்றி. ஃபோனோ சொருகு என் ரிசீவரில் இல்லை, ஆகவே சின்ன டப்பா வாங்கிக்கொள்கிறேன்.

மீட்டர் வேலையை ஞாயிற்றுக்கிழமை செய்தேன். நான் சத்தமாக வைக்கும் வால்யூமில் 5.1 வோல்ட் காட்டியது, 4 ஆல் பெருக்கினால் 20.4.

ரிசீவர் டிவி ஷோகேஸுக்குள் இருக்கிறது, மேல் பலகைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் போகும், அவ்வளவுதான். முன்னால் கண்ணாடிக் கதவு, தூசி படாமல் இருக்க மூடியே வைத்திருப்போம். மெனுவில் ‘லார்ஜ்’ என்று இருக்கிறது, பெரிய ஸ்பீக்கர் என்பதால் நான்தான் அப்படி மாற்றினேன்.

ஈரோட்டுக்காது:

உங்கள் எண் நன்றாகப் பேசுகிறது. 80 வாட், 8 ஓம் என்றால் ரிசீவர் 25 வோல்ட் வரை கொடுக்கும். உங்களுக்கு வேண்டியது 20.4, ஆகவே வோல்ட்டில் குறையே இல்லை. குறை ஆம்பியரில். 8 ஓமில் 80 வாட் கொடுக்க 3.2 ஆம்பியர் போதும். அதே ரிசீவர் உங்கள் 4 ஓம் ஸ்பீக்கரில் 20.4 வோல்ட் கொடுக்க 5.1 ஆம்பியர் தள்ள வேண்டும், வாட் கணக்கில் 104. அதுவும் பெயருக்குத்தான் 4 ஓம், பல டவர் ஸ்பீக்கர்கள் பேஸ் பகுதியில் 3 ஓமுக்கு இறங்கும். இரண்டு சேனலும் சேர்ந்து இப்படி இழுக்கும்போது ரிசீவரின் ஒரே டிரான்ஸ்பார்மர் திணறுகிறது. நீங்கள் சொன்ன அந்த ‘இறுகிப்போவது’ இதுதான். சண்டைக் காட்சியில் மற்றச் சேனல்களும் சேர்ந்துகொள்கின்றன, மூடிய ஷோகேஸுக்குள் சூடு போக வழியில்லை, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது.

காசு செலவழிக்காமல் இரண்டு வேலை செய்யுங்கள். ரிசீவரை வெளியே எடுத்து மேலே குறைந்தது ஒரு சாண் இடம் விடுங்கள், கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது. மெனுவில் முன் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’, கிராஸ் ஓவர் (எந்த அளவுக்குக் கீழே பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பது) 80 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். உங்களிடம் சப்வூஃபர் இருக்கிறது என்று நம்புகிறேன், அதற்குச் சொந்த ஆம்ப் உண்டு. ஆம்பியரை அதிகம் குடிக்கும் அடி பேஸ் அதற்குப் போய்விடும், ரிசீவர் மூச்சு விடும். ‘ஸ்மால்’ என்ற சொல்லைப் பார்த்து வருத்தப்படாதீர்கள், ஸ்பீக்கரின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பேஸை எங்கே அனுப்புவது என்பதற்கான ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஒரு மாதம் இப்படிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் பாட்டுக்கு ஆசை அடங்கவில்லை என்றால் பவர் ஆம்ப் வாங்குங்கள். ஆனால் சத்தம் எகிறும் என்று எதிர்பார்க்காதீர்கள், வாட் இரட்டிப்பானால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதே சத்தத்தில் தவில் அடி கலங்காமல் வருவதும், ரிசீவரின் பளு குறைந்து சென்டரும் சரவுண்டும் தாராளமாக ஓடுவதும்தான் கிடைக்கும் லாபம். அது சின்ன லாபம் இல்லை, நான் அதற்காகவே வாங்கினேன்.

வாங்கும்போது 8 ஓமில் 100 வாட் என்று மட்டும் பார்க்காமல் 4 ஓமில் எவ்வளவு என்று கேளுங்கள். 180, 200 என்றால் டிரான்ஸ்பார்மர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், 110, 120 என்றால் நீங்கள் இப்போது இருக்கும் இடத்திலேயே இருப்பீர்கள். கெயினையும், அதாவது உள்ளே வரும் வோல்ட்டை ஆம்ப் எத்தனை மடங்காக்குகிறது என்பதையும் பாருங்கள். 29 டெசிபெல் என்றால் 28 மடங்கு, ரிசீவர் 1 வோல்ட் கொடுத்தாலே 28 வோல்ட் வந்துவிடும். 23 டெசிபெல் ஆம்ப் என்றால் அதற்கு 2 வோல்ட் வேண்டும், சில ரிசீவர்களின் ப்ரீ அவுட் அங்கே போவதற்குள் கலங்க ஆரம்பித்துவிடும். டெனான், மராண்ட்ஸ் சில மாடல்களில் ‘ப்ரீ ஆம்ப் மோட்’ என்று ஒன்று இருக்கிறது, உள் ஆம்பைத் துண்டித்துவிடும், அப்போது ப்ரீ அவுட்டில் கூடுதல் வோல்ட் சுத்தமாகக் கிடைக்கும்.

நெல்லைத்தாளம்:

ஆம்ப் வாங்கிய அன்று இரவே ‘ம்ம்ம்…’ என்று ஒரு உறுமல் வந்தால் பயந்துவிடாதீர்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன். ரிசீவருக்குப் பல மாடல்களில் இரண்டு பின் பிளக், பவர் ஆம்புக்கு மூன்று பின். கேபிள் டிவி வயர் தெருவிலிருந்து ஒரு எர்த்தைக் கொண்டுவரும், அது செட்டாப் பாக்ஸ், ஹெச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்குள் வரும், பவர் ஆம்ப் வீட்டு எர்த்தைப் பிடித்திருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஓடும் கரண்ட் உங்கள் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு வழியாகத்தான் போகும். செட்டாப் பாக்ஸிலிருந்து அந்தக் கேபிளைக் கழற்றுங்கள், உறுமல் நின்றால் காரணம் அதுதான். கேபிள் டிவிக்கு, படத்தை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஒன்று போட்டால் தீரும். டிஷ் ஆன்டெனா என்றால் அது உதவாது, ஏனென்றால் அதே வயரில்தான் மேலே டிஷ்ஷில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்கு டிசி போகிறது, அதைத் தடுத்துவிட்டால் படமே வராது. அங்கே டிஷ்ஷின் எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்க்க வேண்டும்.

மூன்றாவது பின்னை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதீர்கள். உறுமல் நிற்கும், ஆனால் உள்ளே ஒரு வயர் பாடியில் பட்டால் தொடுகிறவர் கதி என்ன?

எங்கள் வீட்டில் காரணம் அதற்கும் கீழே இருந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 11 வோல்ட். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடந்தது, தகட்டோடு வரும் கம்பியும் துருப்பிடித்து நூல் மாதிரி இருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்துக் கம்பியை மாற்றி, கரியும் உப்பும் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு 2 வோல்ட்டுக்கு வந்தது. இப்போது கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றிவிடுவேன்.

எல்லாவற்றையும் ஒரே ப்ளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள், 15 ஆம்பியர் பாயின்ட்டாக இருந்தால் நல்லது. ஆன் செய்யும்போது ரிசீவர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். ரிசீவரிலும் ஆம்பிலும் 12 வோல்ட் ட்ரிகர் (ரிசீவரோடு சேர்த்து ஆம்பையும் ஆன், ஆஃப் செய்யும் சொருகு) இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். கரண்ட் போய் ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது டிரான்ஸ்பார்மரே உறுமும், அது ஸ்பீக்கரில் வராது, பெட்டியில் காதை வைத்தால் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காவிரிக்கரை:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், கேட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள்.

ரிசீவரை ஷோகேஸிலிருந்து எடுத்து ஒரு ஸ்டூலில் வைத்தேன், ‘ஸ்மால்’, 80 ஹெர்ட்ஸ். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தடவைகூட அணையவில்லை. படத்துக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் ராத்திரி நாகஸ்வரக் கச்சேரி போட்டு உட்கார்ந்தால், தனி ஆவர்த்தனம் வரும்போது அந்த இறுக்கம் இன்னும் கொஞ்சம் இருந்தது, மனசு கேட்கவில்லை. போன வாரம் பழைய பவர் ஆம்ப் ஒன்று வாங்கினேன், 8 ஓமில் 120, 4 ஓமில் 200 வாட், ரிலே இருக்கிறது. ஸ்பீக்கர் மாட்டும் முன் டிசி அளந்தேன், இடது 8 மில்லிவோல்ட், வலது 13. தெரு அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன், அவர் கோபப்படவில்லை, ஆம்பைத் திறந்து தூசி தட்டி இரண்டு சாலிடரை மறுபடி வைத்துக் கொடுத்தார்.

உறுமல் நீங்கள் சொன்னபடியே வந்தது. கேபிள் வயரைக் கழற்றினேன், நின்றது. ஐசோலேட்டர் போட்டாயிற்று. ரூம் கரெக்‌ஷனைத் திரும்ப ஓடவிட்டதில் (அறைக்கு ஏற்ப ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சரிசெய்வது) முன் சேனலின் சத்த அளவு, அதாவது ட்ரிம், 0.5 இலிருந்து மைனஸ் 2.5க்கு இறங்கியது, இந்த ஆம்பின் கெயின் 32 டெசிபெல் என்பதால் இருக்கும் என்று நினைக்கிறேன். ஓடவிடாமல் முதல் நாள் கேட்டபோது முன்பக்கம் மட்டும் தூக்கலாக இருந்ததற்கும் இதுதான் காரணம்.

தவில் இப்போது எப்படி இருக்கிறது என்றால், வலந்தலையில் விழும் விரல் கூட்டின் அடியும் தொப்பியில் விழும் குச்சியின் அடியும் தனித்தனியாக நிற்கின்றன, முன்பு இரண்டும் ஒரே சத்தமாக மோதும். வால்யூம் எண் அதேதான்.

ஃபோனோ டப்பாவும் வந்துவிட்டது. அதிலும் முதலில் உறுமல், பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை டப்பாவின் திருகில் மாட்டாமல் விட்டிருந்தேன், மாட்டியதும் அமைதி. அப்பா நேற்று நாலு ரெக்கார்டு வரிசையாகக் கேட்டார்.

சென்டர் ஸ்பீக்கர் இன்னும் ரிசீவரில்தான் ஓடுகிறது. அது 6 ஓம், சூடும் இல்லை, இப்போதைக்கு அதைத் தொடப்போவதில்லை.